மனச்சோர்வு சிகிச்சையில் அசதிக்கும் கவனக்குறைவுக்கும் விற்கப்படும் பொருள்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் ஆனவர்கள் பலர், அழுகை குறைந்திருக்கிறது, தூக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பார்கள். ஆனால் உடம்பு இன்னும் கனமாகவே இருக்கிறது, ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மேலே என்ன இருந்தது என்பதே மறந்துபோகிறது என்றும் சேர்த்தே சொல்வார்கள். அசதியும் கவனம் நிற்காமையும் இந்த நோயின் அறிகுறிகளே. மனம் தேறிய பிறகும் பின்தங்கி நிற்பவை பெரும்பாலும் இவைதான். அந்தக் காலகட்டத்தில்தான் கையில் கிடைப்பதையெல்லாம் வாங்கத் தோன்றும்: ஒளி விளக்கு, மாத்திரைப் பெட்டி, டைமர், தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம், மூளைப் பயிற்சிச் செயலி, சத்து மாத்திரை.

இவற்றை இங்கே ஒரே கேள்வியால் மதிப்பிட்டிருக்கிறோம். எழுந்து உட்காரவே முடியாத நாளில் இந்தப் பொருள் நம்மிடம் என்ன கேட்கிறது? தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும், கடவுச்சொல் நினைவிருக்க வேண்டும், பன்னிரண்டு கட்டம் நிரப்ப வேண்டும் என்றால் அது நல்ல நாளுக்கான பொருள். நல்ல நாளில் அதன் தேவையும் குறைவு.

வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். எல்லா அசதியும் மனச்சோர்வால் வருவதல்ல. இரத்தசோகை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை ஆகிய எல்லாமே இதே களைப்பையும் மந்தத்தையும் தரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் இருப்பு), டி.எஸ்.ஹெச். (தைராய்டு), பி12, சர்க்கரை ஆகிய இரத்தப் பரிசோதனைகளிலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஃப்ளூவாக்ஸெடின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மாத்திரை எடுக்கும் முதியவருக்குப் புதிதாகக் களைப்பும் குழப்பமும் வந்தால் சோடியம் அளவையும் பார்க்க வேண்டும். அந்த மாத்திரைகள் சிலருக்குச் சோடியத்தை இறக்கிவிடும்.

மாத்திரை போடும் நேரமும் காரணமாகலாம். மிர்ட்டசபைன், அமிட்ரிப்டிலின், டிராசோடோன் தூக்கம் தருபவை. இரவில் தாமதமாகப் போட்டால் மறுநாள் முற்பகல்வரை மந்தம் நீளும். ஃப்ளூவாக்ஸெடின், புப்ரோபியான் விழிப்பைத் தூண்டுபவை. மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடும், மறுநாள் அதுவே அசதியாகும். இவற்றோடு சளிக்கோ அரிப்புக்கோ குளோர்ஃபெனிரமைன் போன்ற தூக்கம் தரும் மாத்திரை சேர்ந்தால் மந்தம் இரட்டிக்கும். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்பதற்குச் செலவில்லை. தானாக மாற்றுவதும் நிறுத்துவதும் வேண்டாம்.

மாத்திரைப் பெட்டி: முதலில் வாங்க வேண்டியது

கவனம் சிதறியிருக்கும்போது முதலில் அடிபடுவது மாத்திரைதான். போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், சிலர் போடாமல் விடுவார்கள், சிலர் இன்னொன்றும் போட்டுவிடுவார்கள். இரண்டும் கெடுதல். வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் போன்றவை உடலை விட்டுச் சீக்கிரம் நீங்குபவை. ஒரு நாள் விட்டாலே தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் ஓடுவதுபோன்ற உணர்வு, கடும் களைப்பு என்று வரும். நோய் திரும்பிவிட்டது, மருந்து கேட்கவில்லை என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஃப்ளூவாக்ஸெடின் உடலில் நெடுநாள் தங்குவதால் ஒரு வேளை தவறினால் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் தவறுவது பழக்கமானால் அதுவும் பலன் தராது.

ஏழு நாள், நாளுக்கு இரண்டு அறை கொண்ட சாதாரண பிளாஸ்டிக் பெட்டியே போதும். பார்க்க வேண்டியவை: மூடி ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும், திறக்காமலே காலியா இல்லையா என்று தெரியும். காலை அறையும் இரவு அறையும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் நல்லது, அரைத் தூக்கத்தில் எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. மூடி நகத்தால் நெம்பித் திறக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் கைநடுக்கம் உள்ளவர்களுக்குச் சரிப்படாது. சில மருந்துகளே கைநடுக்கம் தரும். மிகத் தளர்வான மூடியோ பைக்குள் திறந்துகொண்டு மாத்திரைகள் கலந்துவிடும். ஒரு நாளுக்கான பகுதி மட்டும் தனியே கழன்று வருவதுபோல் இருந்தால் வெளியே எடுத்துப்போக வசதி.

வாரம் ஒருமுறை, தலை ஓரளவு தெளிவாக இருக்கும் நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், மருந்துச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். ஒரு நாளுக்குரிய எல்லா மாத்திரைகளையும் போட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போகாதீர்கள். ஒரு மாத்திரையை எடுத்தால் அதை ஏழு நாளுக்கும் போட்டு முடித்து, அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மாத்திரைக்குப் போங்கள். இடையில் யாராவது கூப்பிட்டாலும் எங்கே விட்டோம் என்பது கண்ணில் படும்.

எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்துவைக்க முடியாது. வாயில் கரையும் மிர்ட்டசபைன் மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்த உடனே வாயில் போட வேண்டும். சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும். இப்படிப்பட்டவற்றை அட்டையோடு வெட்டி அறைக்குள் போடுவது சிலரின் வழக்கம். அது ஆபத்து. அரைத் தூக்கத்தில் உறையோடு விழுங்கிவிட்டால் அதன் கூரான முனை உணவுக்குழாயைக் கிழிக்கும். பதிலாக அந்த அறையில் ஒரு சிறு காகிதத் துண்டைப் போட்டுவையுங்கள். காகிதத்தை எடுக்கும்போது அட்டையிலிருந்து மாத்திரையையும் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியைக் குளியலறையிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்க வேண்டாம், ஈரமும் சூடும் மாத்திரையைக் கெடுக்கும். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் குழந்தைகள் எளிதில் திறந்துவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகும் காலத்தில், வீட்டில் மொத்த மருந்தும் நோயாளியின் கையில் இருக்கக் கூடாது. குறிப்பாக அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும். நம்பிக்கையான ஒருவர் மொத்தத்தையும் பூட்டிவைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு மட்டும் நிரப்பிக் கொடுக்கலாம். அந்த எண்ணம் வந்ததை மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ அன்றைக்கே சொல்ல வேண்டும்.

மணியடிக்கும் மின்னணுப் பெட்டிகள் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மின்கலம் தீர்ந்தால் ஊமையாகிவிடும், வெளியே போனால் கூட வராது. கைபேசி அலாரமே அந்த வேலையைச் செய்யும். ஆனால் அலாரத்தை நிறுத்திவிட்டு மாத்திரையை மறப்பதுதான் வழக்கமாக நடப்பது. எனவே மாத்திரை வாய்க்குள் போகும்வரை அலாரத்தை நிறுத்தாமல் தள்ளிவைக்க மட்டும் செய்யுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

ஒளி விளக்கு: சரியாக வைத்தால் பலன், இல்லாவிட்டால் மேசை விளக்கு

காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைத் திருத்துகிறது. இருண்ட குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வுக்கு ஒளி சிகிச்சை 1984 முதல் ஆய்வுகளில் இருக்கிறது. பருவத்தோடு தொடர்பில்லாத மனச்சோர்விலும், ஃப்ளூவாக்ஸெடினோடு சேர்த்து எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. அதில் மாத்திரையும் ஒளியும் சேர்ந்தபோது பலன் நன்றாக இருந்தது. ஆக இது வெறும் விளம்பரம் அல்ல. விற்பனையாகும் விளக்குகளில் பல அந்த ஆய்வுகளில் இருந்த விளக்குகளைப் போன்றவை அல்ல என்பதுதான் சிக்கல்.

ஆய்வுகளில் வழக்கமான அளவு, கண்ணை எட்டும் இடத்தில் 10,000 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு), காலையில் 30 நிமிடம். பெட்டியின் மேல் 10,000 லக்ஸ் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது, அது எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்பதும் போட்டிருக்க வேண்டும். தூரம் சொல்லாத விளக்கை வாங்காதீர்கள். உள்ளங்கை அகல விளக்குகள் முகத்தை ஒட்டி வைத்தால்தான் அந்த அளவைத் தரும், யாரும் அப்படி அரை மணி நேரம் உட்கார மாட்டார்கள். சிறிய விளக்கில் தூரம் இரட்டிப்பானால் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். 30 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பலகை போன்ற விளக்கு, 30 முதல் 50 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த அளவைத் தருமானால் அதுதான் வாங்கத் தக்கது. தலை சற்று அசைந்தாலும் ஒளிக்கு வெளியே போகாது. வெள்ளை ஒளி போதும், நீல ஒளி என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் திரை இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். முன்பக்கத் திரை ஒளியைச் சீராகப் பரப்ப வேண்டும். பல்புகள் தனித்தனியாகக் கண்ணைக் குத்தினால் தலைவலி நிச்சயம்.

விளக்கை முகத்துக்கு முன்னால், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது, கண் திறந்திருந்தால் போதும். அந்த நேரத்தில் சாப்பிடலாம், படிக்கலாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், தினமும் ஒரே நேரத்தில். தலைவலியோ கண் கூச்சமோ வந்தால் 10 நிமிடத்தில் தொடங்கிச் சில நாள்களில் 30-க்கு ஏற்றலாம். மாலையில் போட்டால் தூக்கம் தள்ளிப்போகும், மறுநாள் அசதி கூடும். பலன் இல்லை என்று சொல்பவர்களிடம் கேட்டால், விளக்கு அறையின் மறுமூலையில் இருந்திருக்கும், அல்லது வாரத்துக்கு இரண்டு நாள்தான் போட்டிருப்பார்கள். முறையாகத் தினமும் நான்கு வாரம் போட்டும் மாற்றமில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

இது யாருக்கும் கெடுதல் செய்யாத பொருள் என்று நினைக்க வேண்டாம். இருதுருவ மனநிலைக் கோளாறு (மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களுக்கு ஒளி சிகிச்சை மனவெழுச்சியைத் தூண்டிவிடலாம். மருத்துவர் சொல்லாமல் அவர்கள் தொடவே கூடாது. யாராக இருந்தாலும், தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லை, பேச்சும் எரிச்சலும் கூடிக்கொண்டே போகிறது என்றால் விளக்கை அணைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். டாக்சிசைக்ளின், குளோர்ப்ரோமசின் போன்றவை ஒளிக்கு உடலைக் கூச வைப்பவை, அவற்றை எடுப்பவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெயில் நாளில் வெளியே நிழலில் நின்றாலே 10,000 லக்ஸை ஒட்டியும் தாண்டியும் கிடைக்கும், மேகமூட்டத்திலும் பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல். காலையில் அரை மணி வெளியே உட்கார முடிகிறவருக்கு விளக்கு வேண்டாம். வெளியே போகவே முடியாத நிலையில் இருப்பவருக்கும், பொழுது விடியாத குளிர்கால ஊர்களில் இருப்பவருக்கும் அது உண்மையிலேயே உதவும். அவர்களும் ஏற்கனவே தினமும் உட்காரும் இடத்திலேயே விளக்கை நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். எடுத்து வைத்து மாட்ட வேண்டியிருந்தால் மோசமான நாளில் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

டைமரும் நோட்டும்

கைபேசியில் டைமர் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு? கைபேசியை எடுத்தால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்பதற்காகத்தான். கையால் திருகும் டைமரோ, திருப்பி வைத்தால் ஓடத் தொடங்கும் கனசதுர டைமரோ வாங்கலாம். மீதமுள்ள நேரம் வண்ண வட்டமாகச் சுருங்கிக் காட்டும் வகை இன்னும் நல்லது, கணக்குப் போட வேண்டியதில்லை. டிக் டிக் என்ற சத்தம் சிலரைக் குலைக்கும், வாங்குமுன் கேட்டுப் பாருங்கள்.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமோடோரோ முறையை ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் வகுத்தார். சிகிச்சையில் இருப்பவருக்கு அந்த 25 மிக நீளம். 5 நிமிடத்தில் தொடங்கி, அதைச் சில நாள் சிரமமின்றி முடிக்க முடிந்தால் 10, பிறகு 15. ஓய்விலும் திரை பார்க்காமல் எழுந்து நிற்பது, தண்ணீர் குடிப்பது. மணி அடித்ததும், எழுவதற்கு முன் அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரியில் எழுதிவையுங்கள்: ‘மூன்றாம் பத்தியின் இரண்டாவது வரியிலிருந்து’ என்ற அளவுக்கு நுணுக்கமாக. செய்தது மனதில் தங்காத நிலையில், திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அடுத்த ஐந்து நிமிடமும் போய்விடும். நன்றாக ஓடுகிற நாளிலும் மணி அடித்தால் நிறுத்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடப்பது.

மனநிலைக் குறிப்பேடு என்று அழகாக அச்சிட்டு விற்பவற்றில் பெரும்பாலானவை கேட்பது அதிகம்: நன்றிக்கு ஒரு கட்டம், இலக்குக்கு ஒரு கட்டம், பொன்மொழிக்கு ஒரு பக்கம். தேதி அச்சிட்டவை இன்னும் மோசம். நான்கு நாள் எழுதாமல் விட்டால் வெற்றுப் பக்கங்கள் குற்றம் சாட்டும். கோடு போட்ட சாதாரண நோட்டில் நாளுக்கு மூன்று முறை, நேரம், என்ன செய்தோம், அசதி பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதினால் போதும். ஒரு வாரத்தில் எந்த மணி நேரம் தலை தெளிவாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பலருக்கு மனச்சோர்வில் காலை மிக மோசமாக இருக்கும், பிற்பகலில் லேசாகும். கடினமான வேலையைத் தெளிவான நேரத்துக்குத் தள்ளி, மடிப்பது, அடுக்குவது போன்றவற்றை மந்த நேரத்துக்கு வைக்கலாம். செயலூக்கச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு மனநல ஆலோசகர் தரும் தாளும் ஏறத்தாழ இதுவே. மனம் வந்தால் செய்வது என்றில்லாமல், எழுதிவைத்த நேரம் வந்ததும் செய்வது அதன் அடிப்படை.

காதடைப்பான்

நுரைக் காதடைப்பான் மலிவு, நல்ல பலன். அது வேலை செய்யவில்லை என்பவர்கள் பெரும்பாலும் சரியாகச் செருகியிருக்க மாட்டார்கள். விரல்களால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். இரைச்சலை நீக்கும் ஹெட்ஃபோன் மின்விசிறி, வண்டி எஞ்சின் போன்ற சீரான தாழ்ந்த ஓசையை நன்றாக அழிக்கும், மனிதக் குரலை அவ்வளவாக அழிக்காது. தொந்தரவு பேச்சுச் சத்தம்தான் என்றால் அதை வாங்கி ஏமாற வேண்டாம்.

பணம் வீணாகும் இடங்கள்

தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் கணிக்கிறது. விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் பல நேரம் அதையும் தூக்கமாகக் கணக்கிடும். மனச்சோர்வில் அப்படிப் படுத்திருப்பதுதான் அதிகம், ஆகவே தேவைப்படும் இடத்திலேயே தவறுகிறது. காலையில் எழுந்ததும் குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து இன்னும் சோர்ந்துபோவோரும் உண்டு. ஏற்கனவே கையில் இருந்தால், நடந்த அடிகளை மட்டும் பார்த்துக்கொண்டு மற்ற எச்சரிக்கைகளை அணைத்துவிடுங்கள்.

மூளைப் பயிற்சி விளையாட்டுகள் அந்த விளையாட்டில் தேர்ச்சி தரும். வேலையிலும் படிப்பிலும் அது கைகொடுக்கும் என்பதற்குச் சான்று போதவில்லை. லுமாசிட்டி செயலியின் விளம்பரம் ஏமாற்றுவதாக உள்ளது என்று குற்றம் சாட்டிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு, அதை நடத்தும் நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. மாதச் சந்தா கட்ட வேண்டாம்.

சத்து மாத்திரை, குறைவு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் மட்டுமே. குறைவில்லாதவருக்கு பி12 ஊக்கம் தராது. மூலிகை என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டில்தான் உண்மையான ஆபத்து. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரையோடு சேர்ந்தால் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம்வரை போகலாம். கருத்தடை மாத்திரையின் பலனையும் அது குறைக்கும். ஊக்க பானங்களில் வேலை செய்வது காஃபீன்தான். குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஃப்ளூவாக்ஸமின் எடுப்பவர்களுக்குப் பல மடங்கு நீளும். நண்பகலுக்குப் பிறகு வேண்டாம்.

விலையில்லாத ஒரு தாள்

மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்வித்தாள் இலவசம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் அசதி அதற்குள் ஒளிந்துகொள்ளும். நான்காவது கேள்வி களைப்பு, ஏழாவது கவனம். இந்த இரண்டின் எண்களையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். மொத்தம் 18-லிருந்து 8-க்கு இறங்கியும் இந்த இரண்டும் 3-லேயே நிற்கின்றன என்று தாளைக் காட்டினால், ‘பரவாயில்லை’ என்ற ஒற்றைச் சொல்லைவிட மருத்துவருக்கு அது அதிகம் சொல்லும். அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா, வேறு மருந்தா, இரத்தப் பரிசோதனையா என்று அவர் முடிவெடுக்க அதுவே போதும். உயிரை விட்டுவிடும் எண்ணத்தைப் பற்றிக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியில் 0 தவிர வேறு எண் விழுந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இதே தாளைப் பெயர் மாற்றி, சந்தா வாங்கிக்கொண்டு தரும் செயலிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.